படிப்பு பாதியில் இருக்கும்போது வேலை மாறுவது

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இப்போது வாங்குவதைவிட மாதம் 14,000 ரூபாய் கூடுதல். பத்து நாள் தூக்கமில்லாமல் யோசித்து, போன வியாழக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மதினிக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. "படிப்பு எங்க ஓடிப்போவுது? கூடச் சம்பளம் வரும்போது போயிரணும்லா" என்கிறார்.

நான் படிப்பது பகுதிநேர பிஎச்.டி. அது ஓடித்தான் போகும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். அதைத் தாண்டினால் மறுபதிவு செய்து நீட்டிப்பு வாங்க வேண்டும். எனக்கு இரண்டரை வருடம் போய்விட்டது.

சேரும்போதே வேலை பார்க்கும் இடத்திலிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கேட்பார்கள். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும், கோர்ஸ் ஒர்க்குக்கு (பிஎச்.டி.யில் முடிக்க வேண்டிய பாடங்கள்) தேவைப்பட்டால் விடுவிப்போம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் கணக்கு எழுதும் இடத்தில் முதலாளி அதை ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். புதுக் கம்பெனியில் கேட்டேன். "முதலில் சேருங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார்கள். பழைய முதலாளி தந்த கடிதம் அவர்களைக் கட்டுப்படுத்தாதே!

என் ஆராய்ச்சி பீடி சுற்றும் பெண்களின் சேமிப்பைப் பற்றியது. தென்காசி ரோட்டு பஸ்ஸில் ஏறினால் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டியில் இறங்கி கைடை (ஆராய்ச்சி வழிகாட்டியை) பார்க்கலாம், அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் அந்தப் பெண்கள் இருக்கும் ஆலங்குளம். முதல் தடவை போனபோது யாரும் கடனைப் பற்றி வாய் திறக்கவில்லை. மடியில் சொளவை (முறத்தை) வைத்துக்கொண்டு, கை நிற்காமல், "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்றார்கள். நாலாவது தடவைதான் ஓர் அம்மா "வா பிள்ள, உக்காரு" என்று சொல்லி, குழுக்கடன், நகை அடகு, மகள் கல்யாணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். 300 பேரைப் பார்க்க வேண்டும், 112 பேர்தான் முடிந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இதைச் செய்ய முடியாது. ஆளை வைத்துப் படிவம் நிரப்பலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். என்னிடம் பேசிய அந்த அம்மா வேறு ஆளிடம் அதே வார்த்தையைச் சொல்வாரா?

இதைப் படித்துவிட்டு எல்லாரும் இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று சொல்கிறேன் என எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் போகத்தான் வேண்டும். அதில் யாருக்கும் குற்றவுணர்ச்சி தேவையில்லை. பரீட்சைக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் மாறிவிடுவது நல்லது. என்னோடு சேர்ந்த ஒரு தோழி அப்படி ஓர் இடத்தில் இருந்துகொண்டு ஆராய்ச்சி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கும் கமிட்டி கூட்டத்தை இரண்டு முறை தவறவிட்டாள். மூன்றாவது முறைக்கு முன்னால் படிப்பையே விட்டுவிட்டாள். வேலையை விட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நாம் சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு நேரத்தைக் கேட்காமல் வந்துவிடுகிறோம். சனிக்கிழமை லீவா? கைடு கூப்பிட்டால் அரை நாள் விடுவார்களா? என்.ஓ.சி.யை ஆஃபர் லெட்டரோடு சேர்த்துத் தருவார்களா? ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்னால் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், கைடிடம் மறைக்காதீர்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது என் கைடு கோபப்படவே இல்லை. களப்பணி முடிய எத்தனை மாதம் ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். எட்டு மாதம் வந்தது.

எட்டு மாதம் கழித்து இதே மாதிரி வேலை வந்தால் போவேன். மதினியிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன்.