'தருமமிகு சென்னை' என்ற சொல்லை முன்வைத்து

1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, கடலோரத்து மணல்மேடு ஒன்றைத் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததைச் சென்னையின் பிறப்பாகக் கொண்டாடுகிறோம். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாடல் பெற்ற ஊர்களாக இருந்தவை என்பதால், இந்தத் தேதியைப் பிறந்தநாளாக ஏற்க மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அந்த வழக்கைப் புதிதாகத் தொடங்கி வாதாடும் உற்சாகம் எனக்குக் குறைந்துவிட்டது. பிறந்த தேதி எதுவாயினும், இந்த ஊர் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு நமக்கு முன்னே வாழ்ந்த ஒருவர் ஒரே சொல்லில் விடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் வளர்ந்த வள்ளலார், கந்தகோட்டத்து முருகனைப் பாடும்போது ஊருக்குக் கொடுத்த அடைமொழி 'தருமமிகு சென்னை'. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இதை வெறும் புகழ்ச்சி என்றுதான் எண்ணினேன். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என்று பிரிந்து கிடந்த ஊரை, கறுப்பர் நகரத்துச் சந்து ஒன்றில் வாழ்ந்துகொண்டே ஒருவர் அப்படி அழைத்தார் என்பது பிற்பாடுதான் உறைத்தது. இருப்பதைச் சொன்னாரா, இருக்க வேண்டியதைச் சொன்னாரா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அவரே பின்னர் 1867இல் வடலூரில் தருமசாலை அமைத்து மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது என்பதை நினைத்தால், அந்தச் சொல்லை அவர் விளையாட்டாகப் பயன்படுத்தியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

அதற்கு முன்பே சென்னையில் ஓர் அடுப்பு எரிந்தது. ஹைதர் அலியுடனான போரால் கிராமங்கள் பாழாகி, பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் பட்டணத்தை நோக்கி வந்த 1782ஆம் ஆண்டில், ராயபுரம் பக்கத்தில் ஒரு மணியக்காரர், அதாவது ஊர்த் தலைவர், கஞ்சி ஊற்றத் தொடங்கினார். அதுவே மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் நாவில் 'மோனிகர் சௌல்ட்ரி' ஆனது. பசியோடு வந்தவர்களுக்கு நோயும் இருந்ததால், 1799இல் அதையொட்டி மருத்துவமனை ஒன்று எழுந்தது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் அதுதான். ஓர் ஆளுநரின் பெயர் பின்னால் சூட்டப்பட்டாலும், வடசென்னை மக்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே நெடுங்காலம் அழைத்து வந்தார்கள்.

1688இல் செயல்படத் தொடங்கிய சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே மிகப் பழையது என்று பெருமை பேசுகிறோம். வயதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த மாமன்றத்தின் பெருநாள் 1920 செப்டம்பர் 16. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மன்றம், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது அன்றுதான். கோயில் மடப்பள்ளியும் சத்திரத்துத் திண்ணையும் புண்ணியம் கருதிச் செய்துவந்ததை, வரிப்பணத்தில் செய்ய வேண்டிய கடமையாக ஒரு நகர மன்றம் ஏற்றுக்கொண்ட தருணம் அது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிட அரசு அனுமதிக்காததால் சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. ஆனால் 1956இல் காமராசர் தொடங்கிய திட்டத்துக்கும், பின்னர் வந்த சத்துணவுக்கும் காலை உணவுக்கும் முன்னோடியாக நிலைத்துவிட்டது. 2013இல் ஒரு ரூபாய் இட்லியோடு மாநகராட்சி திறந்த அம்மா உணவகத்தையும் இந்த வரிசையில் வைப்பேன். எந்தக் கட்சி ஆட்சியில் எது வந்தது என்ற சண்டையை வேறு பதிவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆன்மிகத்தையும் குடிமைப் பணியையும் தனித்தனிப் பெட்டிகளில் அடைப்பவர்கள், ரமலான் மாதத்தில் ஒரு மாலை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்குப் போய்ப் பார்க்கலாம். மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக அங்கே நோன்பாளிகளுக்கு உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவில் மாடவீதிகள் முழுவதும் நீர்மோர் கொடுக்கும் பந்தல்களில், வந்து நிற்பவரின் சாதியையும் மதத்தையும் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இத்தனையும் சொன்னபிறகு ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. கூவம் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்து, இந்த நகரத்தின் பாத்திரங்களைக் கழுவியும் சாக்கடைகளைத் தூர்வாரியும் வந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டது இதே தருமமிகு சென்னைதான். வேலையும் பள்ளியும் ஒரு மூலையில் இருக்க, வீடு இன்னொரு மூலைக்குப் போனது. பஞ்சத்தில் வெளியூரிலிருந்து வந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய ஊர், தன் வேலையைச் செய்தவனை ஊருக்கு வெளியே அனுப்பியது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிறந்தநாள் வாரத்து உரைகளிலும் புகைப்படக் கண்காட்சிகளிலும் இந்தக் கணக்கு எழுவதே அரிது.

இந்த ஆண்டு கோட்டையைச் சுற்றிவரும் மரபு நடைக்கு நான் போகவில்லை. அக்கா மகளை அழைத்துக்கொண்டு கந்தகோட்டத்தில் தொடங்கி, ஏழுகிணறு வழியாக ஸ்டான்லி வரை நடப்பதாக இருக்கிறேன். கஞ்சித்தொட்டிக்கு எப்படிப் போக வேண்டும் என்று வழியில் வயதான ஆட்டோக்காரர் யாரிடமாவது அவளையே கேட்கச் சொல்லப்போகிறேன்.