பீமா சகி: மாதம் 7,000 ரூபாய் அரசு வேலையா?

"பத்தாவது படித்த பெண்களுக்கு எல்.ஐ.சி.யில் மாதம் 7,000 ரூபாய் சம்பளத்தில் அரசு வேலை, மூன்று வருடத்தில் நிரந்தரம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

2024 டிசம்பரில் பானிபட்டில் தொடங்கிய திட்டம் இது, உண்மையானதுதான். ஆனால் பீமா சகி என்பவர் எல்.ஐ.சி. முகவர், ஊழியர் கிடையாது. வருவது சம்பளம் இல்லை, உதவித்தொகை: முதல் வருடம் மாதம் 7,000, இரண்டாம் வருடம் 6,000, மூன்றாம் வருடம் 5,000, அதோடு முடிந்தது. கமிஷன் தனி.

அந்தத் தொகைக்கும் நிபந்தனை உண்டு, அதைத்தான் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. வருடத்துக்குக் குறைந்தது 24 பேருக்கு பாலிசி பிடிக்க வேண்டும், அதில் 65 சதவீதம் அடுத்த வருடமும் நடப்பில் இருக்க வேண்டும், அதாவது 24-இல் 16 பேராவது பிரீமியத்தை விடாமல் கட்டியிருந்தால்தான் இரண்டாம் வருடப் பணம் வரும். முகதாட்சண்யத்துக்காகச் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் போட்டுவிட்டுப் பாதியில் நிறுத்தும் பாலிசி இங்கே உதவாது.

சரி, சேரலாமா? தாராளமாக. ஆனால் ஏற்கெனவே எல்.ஐ.சி. முகவராகவோ ஊழியராகவோ இருப்பவரின் நெருங்கிய உறவினர் சேர முடியாது. உதவித்தொகை நின்ற பிறகும், வாடிக்கையாளர் பிரீமியம் கட்டும்வரை புதுப்பித்தல் கமிஷன் வரும். பட்டதாரி என்றால் பின்னால் வளர்ச்சி அதிகாரி பதவிக்கு முயற்சி செய்யலாம், சம்பள வேலை அதுதான், ஆனால் அது தானாகக் கிடைக்காது.