ஒன்லைன் சர்வே டிகிரியும் காணி அளக்கும் லைசென்சும்

தம்பி, "தொழில்நுட்பக் கல்லூரி டிப்ளோமா கிரெடிட் (படித்த பாடங்களுக்குக் கிடைக்கிற அலகு) முழுவதையும் மாற்றி, ஒரு வருசத்தில ஒன்லைனில அமெரிக்க டிகிரி எடுத்தால் யாழ்ப்பாணத்தில லைசென்ஸ் சர்வேயராகலாம்" என்று போட்டிருக்கிறீர். பாதிதான் சரி.

ஒன்லைன் டிகிரி பொய் இல்லை. அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகம் சர்வே டிகிரியை ஒன்லைனில் நடத்துகிறது. ஆனால் அங்கத்தைய டிகிரிக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேணும். அதில் குறைந்தது 30 கிரெடிட்டையாவது பட்டம் தருகிற இடத்திலேயே படிக்கச் சொல்வார்கள். மிச்சத்திலும் பாடம் பாடமாகப் பார்த்துத்தான் ஏற்பார்கள். உங்கட டிப்ளோமா கியூ.எஸ். (கட்டிடச் செலவு கணக்கிடுகிற படிப்பு) என்றால் கணிதம், ஆங்கிலம் மாதிரிப் பொதுப்பாடங்களை ஏற்கலாம். காணி எல்லைச் சட்டம், ஜியோடெசி (பூமியின் வடிவை அளக்கிற பாடம்) எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியதுதான். கட்டிடச் செலவு கணக்கிடுகிறவரும் காணி அளக்கிறவரும் ஒன்றில்லை, இதை எங்கட ஆக்கள் எப்பவும் குழப்புவினம்.

பெரிய பிழை லைசென்ஸ் கதை. டிகிரி வேறு, லைசென்ஸ் வேறு. அமெரிக்காவிலேயே மாநிலத்துக்கு மாநிலம் பரீட்சையும், லைசென்ஸ் உள்ளவருக்குக் கீழே வேலை அனுபவமும் கேட்பார்கள். இங்கே இலங்கையில் 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி, அதன் கீழ் அமைந்த நில அளவைப் பேரவையில் பதிந்து, வருசாவருசம் அனுமதிப்பத்திரமும் எடுக்க வேணும். அது இல்லாமல் நீங்கள் கீறுகிற பிளானை வைத்துக் காணி உறுதி எழுத எந்த நொத்தாரிசு துணிவார்? ரெண்டு குழிக் காணிக்கு வேலிச்சண்டை கோட்டுக்குப் போகிற ஊர் இது.

இங்கேதான் தொழில் என்றால் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் புவித்தகவல் பீடத்தையும் தியத்தலாவையில இருக்கிற நில அளவை நிறுவனத்தையும் முதலில் பாருங்கோ. வெளிநாட்டுப் பட்டம்தான் என்றால், காசு கட்ட முதல் பேரவையிடம் எழுத்தில் கேட்டு வையுங்கோ.