மேப்ல பச்சைன்னா நல்ல காத்துன்னு அர்த்தமில்ல

சென்னை காத்து மாசு மேப் போட்டு தென்சென்னை முழுக்க பச்சையா காட்டியிருக்கீங்க, ஆனா அந்த கலருக்கு பின்னாடி இருக்கற கணக்கையும் ரெண்டு வரி எழுதியிருக்கலாம். நம்ம ஊர் ஏக்யூஐல (காத்தோட தரத்தை நம்பராவும் கலராவும் சொல்ற குறியீடு) பிஎம் 2.5ங்கற ரொம்ப நுண்ணிய தூசி ஒரு கனமீட்டர்ல 60 மைக்ரோகிராம் வரைக்கும் இருந்தாலும் 'திருப்திகரம்'னு வெளிர்பச்சை தான் வரும், உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன 24 மணி நேர அளவு வெறும் 15. வருஷ சராசரி எடுத்தா அவங்க 5ங்கறாங்க, நம்ம ஸ்டாண்டர்டு 40. எட்டு மடங்கு! நுரையீரலோட நிக்காம ரத்தத்துல கலந்து ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வரைக்கும் கொண்டு போற தூசிங்க இது.

இன்னொன்னு, அந்த ஏக்யூஐ நம்பர் பெரும்பாலும் 24 மணி நேர சராசரி. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு ஜனங்க மூச்சு முட்டி தூக்கத்துல எழுந்து ஓடுனாங்களே, அந்த மாதிரி கொஞ்ச நேரத்துல நடக்கறதெல்லாம் சராசரில கரைஞ்சு போயிடும். காத்த அளக்கற ஸ்டேஷனும் மணலி, ஆலந்தூர், வேளச்சேரின்னு அங்கங்க தான் இருக்கு, நடுவுல உள்ள ஏரியாவுக்கு கம்ப்யூட்டர் கணக்கு போட்டு கலர் அடிக்குது அவ்ளோதான். சேட்டிலைட் இருக்கேம்பாங்க, அது மேகம் இருந்தா பாக்காது (நவம்பர் மழைல சுத்தமா உதவாது), அதுவும் வானத்துல மொத்தமா இருக்கற தூசிய வெச்சு தரைமட்டத்துல எவ்ளோன்னு மதிப்பு தான் போடும். அடுத்த மேப்ல ஸ்டேஷன் எங்கெங்க இருக்குன்னு புள்ளி வெச்சு காட்டுங்க சார், எது அளந்தது எது மதிப்பீடுன்னு நாங்களே பாத்துக்கறோம்.