கம்பு வளையலைன்னு யாரும் வராதீங்க

போன ஞாயிற்றுக்கிழமையும் அதே புகார்தான். என்னிடம் கோலூன்றித் தாண்டப் பழகுகிற பத்தாவது படிக்கிற பையன், கூட அவன் அப்பா. "ஏனுங்க, கம்பு வளையவே மாட்டேங்குதுங்க. இன்னும் லேசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமுங்களா?" என்று கேட்டார். ஃபைபர் கம்பு என்ன விலை என்று தெரிந்துகொண்டே கேட்கிற மனுஷன். தேங்காய் போட்ட காசை எடுத்து வைத்திருப்பார் போல.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கோலூன்றித் தாண்டப் பிள்ளைகளை அனுப்புகிற வீடுகளில் எல்லாம் இதே பேச்சுதான் ஓடுகிறது.

கம்பு வளைவது நாம் வளைப்பதால் அல்ல. ஓடி வந்த வேகம் மொத்தமும், மேல் கை நீட்டி உயர்ந்திருக்கும்போது, கம்பின் நீளவாக்கில் போய் இறங்கினால் அது தானாக வளையும். வளைந்தால் அந்த நேரத்துக்குக் கம்பு குட்டையாகிவிடுகிறது. குட்டையான கம்பு சுலபமாகச் செங்குத்துக்கு வரும். அதனால்தான் ஃபைபர் கம்பில் இன்னும் மேலே பிடித்துத் தாண்ட முடிகிறது. வளைவின் பலன் அவ்வளவுதான். வேகம் இல்லாமல், கை மடங்கி, இடது கையால் தள்ளித் தள்ளி வளைக்கிற பையன் கம்பைப் பிடித்துத் தொங்குவான், மேலே போக மாட்டான். எத்தனை கிலோ ஆளைத் தாங்கும் என்று கம்பில் குறித்திருக்கும் எடை முத்திரையை விடக் கனமான பிள்ளைக்கு லேசான கம்பைக் கொடுத்தால் ஒருநாள் அது முறியும். அதையும் சொல்லித்தான் அப்பாவை அனுப்பினேன்.

மூங்கில் பெரிதாக வளையாது. அந்த மூங்கிலை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் கார்னீலியஸ் வார்மர்டாம் 1942-லேயே 4.77 மீட்டர் தாண்டினார். நம்ம பள்ளிப் போட்டிகளில் இன்றைக்கும் சுலபத்தில் பார்க்க முடியாத உயரம் அது.

சரி, பின்னே எதைத் திருத்துவது? ஓட்டத்தை.

ஒரு சின்னக் கணக்கு. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறவனின் வேகம் முழுக்க உயரமாக மாறினால் அவன் உடல் சுமார் 3.26 மீட்டர் எழும்பும். 9 மீட்டர் வேகம் என்றால் 4.13. நிஜத்தில் கொஞ்சம் வீணாகும், கையால் தள்ளிக் கொஞ்சம் சேரும், அது வேறு. ஆனால் ஒரே ஒரு மீட்டர் வேகத்தில் 87 சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கிறதே, அதை எந்தக் கடையில் வாங்குவது? 2025-இல் 6.30 மீட்டர் தாண்டிய டூப்ளாண்டிஸ், அதற்கு முந்தின ஆண்டு சூரிச்சில் வெறும் 100 மீட்டர் ஓட்டத்தை 10.37 விநாடியில் ஓடி, தடை ஓட்டக்காரர் வார்ஹோமையே தோற்கடித்தார்.

வெறுங்கையோடு நம்ம பிள்ளைகளும் வேகமாகத்தான் ஓடுகிறார்கள். கம்பைக் கையில் கொடுத்ததும் பாதியாகிவிடுகிறது. காரணம் முனை. ஆரம்பத்தில் முனை மேலே தூக்கியிருக்க வேண்டும், அப்போது கம்பின் கனமே தெரியாது. ஓட ஓட அது மெல்ல இறங்கி வர வேண்டும். சீக்கிரமே இறக்கிவிட்டால் முன்பாரம் இழுக்கும், அதைத் தாங்க உடம்பு பின்னால் சாயும், கால் முன்னே தாவித் தாவி விழும், வேகம் செத்துப் போகும். சரியான நேரத்தில் இறங்கினால் அதே பாரம் நம்மை முன்னே இழுத்துக்கொண்டு போகும், கால் தானாகத் துரிதமாகும். கோலூன்றித் தாண்டலில் உலகச் சாதனை படைத்த புப்காவைப் பயிற்றுவித்த விட்டாலி பெட்ரோவ் இதைத்தான் பிடித்துக்கொண்டார். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் அழகே இந்த இடம்தான். யாரும் பார்ப்பதில்லை, எல்லாருக்கும் குறுக்குக் கம்பி மேலேயே கண்.

அப்புறம் ஊன்றுவது. மேல் கை இடுப்பிலிருந்து காதோரம், காதோரத்திலிருந்து நெற்றிக்கு மேல். கடைசி இடது கால் தரையில் படுவதற்குள் கை முழுசாக நீண்டிருக்க வேண்டும். அந்தக் கால் எங்கே பட வேண்டும்? மேல் கையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால் கட்டைவிரலைத் தொட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உள்ளே, கம்பை ஊன்றும் பெட்டிப் பக்கமாக வைக்கிறார்கள். கை பின்னால் இழுபடும், தோள் வலிக்கும், "கம்பு கல்லு மாதிரி இருக்கு" என்பார்கள். பாவம், கம்பு என்ன செய்யும்?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் பத்தாவது படித்தபோது மூங்கில்தான், விழுவதற்கு மணலும் வைக்கோல் மூட்டையும். பிடியை ஒரு முழம் ஏற்றினால் உயரமும் ஒரு முழம் ஏறும் என்று ஒருவர் சொன்னார், நானும் நம்பினேன். வேகம் இல்லை, பிடி மட்டும் உச்சத்தில். கம்பு செங்குத்துக்கு வருவதற்குள் நின்றுவிட்டது. ஒரு கணம் ஆகாயத்தில் அப்படியே இருந்தேன், பிறகு வந்த பாதையிலேயே திரும்பி விழுந்தேன். மணிக்கட்டு போயிற்று. மழைக்காலத்தில் இன்றைக்கும் நினைவூட்டும்.

நம்ம ஊருக்கு மட்டும் உள்ள தலைவலி ஒன்று: காற்று. பாலக்காட்டுக் கணவாய் வாயில் குடியிருந்துகொண்டு இதை மறந்தால் எப்படி? ஆடியில் மேற்கிலிருந்து தள்ளும், மார்கழியில் கிழக்கிலிருந்து. எதிர்க்காற்றில் காலடி குறுகும், அதே குறியிலிருந்து ஓடினால் பெட்டிக்கு வெகு முன்னாலேயே கால் விழும். பின்காற்றில் தலைகீழ், கால் உள்ளே போய்விடும். ஆகவே ஓடத் தொடங்கும் குறியைத் தினமும் மாற்ற வேண்டும். எதிர்க்காற்று என்றால் பெட்டிப் பக்கம் ஓரிரு அடி, பின்காற்று என்றால் பின்னால். நான் பாதையோரம் ஒரு குச்சியில் பழைய வேட்டித் துண்டைக் கட்டி வைத்திருக்கிறேன். மலையாளப் பிள்ளைகள் "மாஷே, கொடி எந்தினா?" (சார், கொடி எதுக்கு?) என்று சிரித்தார்கள். இப்போது அவர்களே முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

2025 ஏப்ரலில் கொச்சி ஃபெடரேஷன் கோப்பையில் தேவ் மீனா 5.35 தாண்டித் தேசியச் சாதனை செய்தபோதும் நம்ம பிள்ளைகள் காட்டிய வீடியோ எல்லாம் கடைசி இரண்டு விநாடிதான். முழு ஓட்டத்தையும் போடுங்கடா என்று சண்டை போட்டேன். 2022-இல் ரோஸி மீனா 4.20 தாண்டி, சுரேகாவின் எட்டு வருடச் சாதனையை முறியடித்தாரே, அந்த வீடியோவுக்கும் இதே கதிதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பையனுக்கு இந்த மாதம் குறுக்குக் கம்பியே கிடையாது. ஆறு காலடி ஓடி, பிடியை இறக்கி, ஊன்றி, நேராக மெத்தையில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நேற்று பன்னிரண்டு முறையில் ஒன்பது முறை கால் சுண்ணாம்புக் கோட்டிலேயே விழுந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் யாரிடமாவது 45 கிலோ எடை முத்திரை உள்ள பழைய கம்பு, பதினோரு அடி வாக்கில், சும்மா கிடந்தால் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வேண்டும். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், நானே வண்டி பிடித்து வந்து எடுத்துக்கொள்கிறேன்.