ஒரு வருஷம் வர முடியாதென்றால் வேண்டாம்

"பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை, வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும்" என்று, பிள்ளைக்கு ஒரு பெரியவரைத் துணையாகச் சேர்த்துவைக்கும் எங்கள் அமைப்புக்கு யார் வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான். ஒரு வருஷம் விடாமல் வர முடியுமா? முடியாது என்றால் கணக்கு எழுதுங்கள், போஸ்டர் வடிவமையுங்கள், நன்கொடை திரட்டுங்கள். பிள்ளையோடு நேரடியாகப் பழகும் பொறுப்பு மட்டும் வேண்டாம். நல்லது செய்ய வந்தவரை வாசலிலேயே மடக்குவதா என்று சிலருக்கு முகம் சுண்டிவிடும். சுண்டட்டும்.

இது வெறும் பிடிவாதம் இல்லை. அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. நியூயார்க்கில் சிறார் நீதிமன்ற எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்ட்டர், கூண்டில் ஏறும் பையன்களுக்கு ஆளுக்கொரு பெரியவர் துணை இருந்தால் என்ன என்று 1904-ல் தொடங்கிய முயற்சியில் வேர்விட்டது அது. அந்த அமைப்பின் வேலையைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 1995-ல் வந்தது. 10 முதல் 16 வயதுள்ள 959 பேரில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு பெரியவரை வழிகாட்டியாகத் தர ஏற்பாடு ஆனது, மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த எண்ணை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். அதே தரவுகளை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் எழுதியதை யாரும் அதிகம் சொல்வதில்லை. உறவு ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்தவர்களுக்கோ, தங்களைப் பற்றிய மதிப்பே முன்பைவிடக் கீழே போயிருந்தது. அதாவது, யாருமே வராமல் இருந்ததைவிட வந்துவிட்டுப் போனது மோசம்.

ஏற்கெனவே பெரியவர்கள் கைவிட்ட பிள்ளை நம்மிடம் வருகிறான். இவரும் போய்விட்டால் அவன் நம்மைக் குறை சொல்ல மாட்டான், தன்னிடம்தான் ஏதோ சரியில்லை என்று முடிவு செய்துகொள்வான்.

அதனால்தான் "இந்த வருஷம் நூறு புதிய தன்னார்வலர்கள்" போன்ற அறிவிப்புகளைப் பார்த்தால் எனக்கு உற்சாகம் வருவதில்லை. போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதை வளர்ச்சி என்று அறிக்கை எழுதும் அமைப்புகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

ஆட்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? நேரமில்லை என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்லும் காரணம். முதல் மாதம் எல்லாம் புதிது, ஆர்வத்தில் ஓடிவிடும். மூன்றாம் மாதம் வாக்கில், எதிரே இருக்கும் பதினான்கு வயதுப் பையன் பேச்சை நிறுத்திவிடுவான். ஸ்கூல் எப்படிப் போகுது? "ம்." என்ன ஆச்சு? "ஒண்ணும் இல்லண்ணா." பிறகு முக்கால் மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்த வாரமும் அதே கதை. தன்னால் இவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அந்த அண்ணா வீட்டுக்குப் போவார். ஒரு வாரம் வேலை என்று வரமாட்டார், அடுத்த வாரம் காய்ச்சல், அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் மௌனம். இத்தனைக்கும் அந்தப் பையன் ஒவ்வொரு வாரமும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பான். பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் அந்த வயதில் அவன் காட்டும் நம்பிக்கை. இதை அந்த அண்ணாவிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் ஒருங்கிணைப்பாளர். சந்திப்பு முடிந்த மறுநாள் போன் போட்டு "நேற்று எப்படிப் போச்சு?" என்று கேட்பவர். யார் இரண்டு வாரமாக வரவில்லை, எந்தப் பிள்ளையின் வீட்டில் பிரச்சினை, யாரை யாரோடு சேர்த்தது ஒத்துவரவில்லை என்று நோட்டில் குறித்து வைத்திருப்பவர். இதையும் ஒரு தன்னார்வலர் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பது பேராசை. இதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இங்கேதான் சிக்கலே. பை, நோட்டுப் புத்தகம், சைக்கிள் என்றால் நன்கொடையாளர்கள் தாராளமாகத் தருகிறார்கள், போட்டோவும் கிடைக்கிறது. சம்பளம் என்றதும் "நிர்வாகச் செலவு இவ்வளவா?" என்று புருவம் உயர்கிறது. ஐயா, இந்த வேலையில் அந்த மறுநாள் போன்தான் சேவை. பை இல்லாமலும் வேலை நடக்கும், போன் இல்லாமல் நடக்காது.

நெகிழ்ச்சியான அனுபவப் பகிர்வுகளை வைத்தே ஓர் அமைப்பை எடை போடாதீர்கள் என்பதற்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939-ல் சிறுவர்களுக்கு ஆலோசகர்களை அமர்த்தி, சுமார் ஐந்து வருஷம் உதவிய ஒரு திட்டம் நடந்தது. முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களாக இருந்தவர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்து, 1978-ல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றே சொன்னார்கள். ஆனால் குடிப்பழக்கம், மனநோய், அகால மரணம் போன்ற பலவற்றில், ஒப்பிடுவதற்காக உதவி தராமல் விடப்பட்டவர்களைவிட அவர்கள் நிலை மோசமாக இருந்தது. ஏன் என்று இன்றும் வாதம் நடக்கிறது. மேடையில் கண்கலங்கிப் பேசும் ஒரு பெண் பிள்ளையைக் காட்டி "பாருங்கள் எங்கள் வெற்றியை" என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பிள்ளையை மேடையேற்றுவதே எனக்கு உடன்பாடில்லை, அது வேறு விஷயம்.

நிறுவனர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல அமைப்புகள் ஒரு மனிதரின் தலைக்குள்தான் இயங்குகின்றன. சாவி அவரிடம், வங்கிக் கையெழுத்து அவருடையது, பெற்றோர்களின் நம்பர்கள் அவர் போனில். அவருக்கு மாற்றலோ நோயோ வந்தால் அன்றோடு சரி. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவதாக ஓர் ஆள் தெரிந்து வைத்திருக்க வேண்டும், பொறுப்புகளுக்குக் காலவரம்பு வேண்டும். காலம் முடிந்த பிறகும் பழைய தலைவர் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து "எங்கள் காலத்தில்" என்று தொடங்கினால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பாதுகாப்பு விதிகளில் மட்டும் நெளிவு சுளிவே கூடாது. பின்னணி விசாரிக்காமல் யாரையும் சேர்ப்பதில்லை, மூடிய அறையில் பிள்ளையோடு தனியாக இருப்பதில்லை. தலைவரின் நண்பருக்கும் இதுதான்.

விலகுகிறவர்களைத் தடுக்கவும் முடியாது. வேலை மாறும், குழந்தை பிறக்கும், சலிப்பும் வரும். எங்கள் ஏற்பாடு இதுதான்: போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், எங்களிடம் மட்டுமல்ல, அந்தப் பிள்ளையிடம் நேரில். கடைசிச் சந்திப்பு எந்தத் தேதி என்று அவனுக்கு முன்பே தெரிய வேண்டும், அன்றைக்குப் புதிய ஆளும் கூட இருக்க வேண்டும். "சும்மா மெசேஜ் போட்டா போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது.