பிசினஸ் கிளாஸில் யாரைப் படுக்க வைப்பது?

டிசம்பர் வந்துவிட்டால் என் முகநூல் முழுக்க ஒரே படம்தான். கையில் ஷாம்பெயின் கோப்பை, பின்னால் விமான ஜன்னல், "ஊருக்குக் கிளம்பியாச்சு" என்று ஒரு வரி. நியூஜெர்சியிலிருந்தும் டெக்ஸஸிலிருந்தும் சென்னைக்கும் திருச்சிக்கும் கிளம்புகிற நம் ஆட்கள். கீழே இரண்டு கட்சிகள் மோதிக்கொண்டிருக்கும். "உழைச்ச காசு, அனுபவிக்கட்டுமே" என்று ஒன்று. "அந்தக் காசுக்கு மூணு பவுன் எடுத்திருக்கலாம்" என்று இன்னொன்று. எனக்கு இரண்டோடும் ஒத்துப்போகவில்லை.

என் கட்சி இது. ராத்திரி கிளம்பும் நெடுந்தூர விமானத்தில் பிசினஸ் கிளாஸ் என்ற பெயரில் உருப்படியாக விற்கப்படுவது ஒன்றே ஒன்றுதான்: காலை நீட்டிப் படுக்க ஆறடி, ஆறரை அடி இடம். கோப்பை, வெள்ளைத் துணி விரித்த சாப்பாடு, லவுஞ்ச், தோல் பையில் போட்டுத் தரும் முகக் கிரீம் எல்லாம் மேல்பூச்சு. அந்த ஆறடி இடம் நாற்பது வயதுக்காரனுக்குக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஒன்றும் முழுகிவிடாது. எழுபதைத் தாண்டிய உடம்புக்கு அப்படியில்லை. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? கிரெடிட் கார்டில் செலவு செய்தால் சேருகிற, டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய பாயிண்ட்டைச் சேர்த்து வைத்து நாம் முன்னால் பிசினஸ் கிளாஸில் படுத்துக்கொண்டு போகிறோம். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் வந்துவிட்டுத் திரும்பும் அம்மா அப்பாவுக்கு மலிவான டிக்கெட்டாகத் தேடிப் போட்டு, கூடவே ஒரு வீல்சேர் சொல்லி அனுப்புகிறோம்.

பிசினஸ் கிளாஸின் வரலாற்றைப் பார்த்தாலும் படுக்கை பிறகு வந்த சங்கதிதான். 1970-களில் சலுகை டிக்கெட்டில் சுற்றுலாப் பயணிகள் குவியவும், முழுக் கட்டணம் கொடுத்து வேலையாகப் போகிறவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவர்களைத் தனியாகப் பிரித்து முன்னால் உட்கார வைத்ததில் பிறந்தது இந்த வகுப்பு. அமெரிக்க விமான நிறுவனமான பான் ஆம் 1978-ல் 'கிளிப்பர் கிளாஸ்' என்று தொடங்கியது, ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1979-ல் பிசினஸ் கிளாஸ் என்றே பெயர் வைத்தது. அதற்குப் பிறகும் இருபது வருஷம் அது கொஞ்சம் பெரிய நாற்காலி, அவ்வளவுதான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-ல் முழுக்கத் தட்டையாகும் படுக்கையைப் பிசினஸ் கிளாஸுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஆட்டமே மாறியது. 2017-ல் கத்தார் ஏர்வேஸ் அந்த இருக்கைக்கு ஒரு கதவையும் போட்டது. அந்தக் கதவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அது நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரிந்த சோகம். நியூயார்க்கில் ராத்திரி ஏறினால் பன்னிரண்டு மணி நேரம் பறந்து மறுநாள் சாயங்காலம் தோஹா. அங்கே காத்திருந்து இன்னொரு விமானம், இன்னும் நாலரை மணி நேரம். சென்னையில் இறங்கும்போது விடிந்திருக்காது. அம்மாவும் நானும் வந்தது ஏறக்குறைய இப்படித்தான். இரண்டு பேருக்கும் பாயிண்ட் போதவில்லை, என் டிக்கெட்டுக்குக் கைக்காசு போட்டேன்.

படுத்துக்கொண்டு போனால் ஜெட்லாக், அதாவது நேரம் மாறிய ஊரில் தூக்கம் குழம்புவது, வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிர்காலத்தில் நியூயார்க்கில் இரவு பத்து மணி என்றால் நம்மூரில் காலை எட்டரை. விமானத்தில் நீங்கள் நன்றாகத் தூங்குவது சென்னையின் பட்டப்பகலில். கிழக்கு நோக்கிப் பறக்கும்போது உடம்பின் கடிகாரம் மெதுவாகத்தான் ஒத்துவரும், மெத்தை போட்டாலும் அதே கதைதான். ஊரில் போய் நாலு நாள் அதிகாலை மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் போகிறீர்கள். படுக்கை தருவது வேறு. இடுப்பு பிடித்துக்கொள்ளாமல், கால் வீங்காமல், இறங்கும்போது மனுஷராக இறங்கலாம்.

சாப்பாட்டுக்காகக் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல, அதாவது நம் ஊட்டி உயரத்தில் இருக்கும். ஈரப்பதம் பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கும் கீழே. மூக்கும் நாக்கும் காய்ந்துவிடும். லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், ஏர்பஸ் விமானத்தின் ஒரு துண்டைக் குறைந்த அழுத்த அறைக்குள் வைத்து ஆட்களைச் சாப்பிடச் சொல்லிப் பார்த்தது. உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிவிடுகின்றன, தக்காளிச் சாறு மட்டும் தரையில் குடிப்பதைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். கேட்டதும் எனக்குத் தோன்றியது தக்காளி ரசம். ஒரு டம்ளர் சூடாகக் கொடுத்தால் மொத்த விமானமும் கையெடுத்துக் கும்பிடும். எந்த நிறுவனத்துக்கும் இது உறைக்க மாட்டேன் என்கிறது. சைவம் என்று பதிவு செய்தால் பனீர், பனீரை விட்டால் மறுபடியும் பனீர். சரி, விடுங்கள்.

அந்த மூன்று சுற்றுச் சாப்பாடு முடிய ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடிவிடும். இறங்குவதற்கு முன்னால் இன்னொரு சாப்பாட்டுக்கு எழுப்புவார்கள். படுக்கைக்காகக் கொடுத்த காசில் கால்வாசி தட்டுக்கு முன்னாலேயே கரைந்துவிடும். மதுவைப் பற்றி உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் சீக்கிரம் தூங்க வைக்கிற அதே கோப்பைதான் பாதி ராத்திரியில் எழுப்பியும் விடும்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். சீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டாள். அந்த அகலத்துக்கு அது முடிகிறது. இத்தனை வருஷம் விமானத்தில் காலைத் தொங்கப் போட்டபடி வந்து பாதம் பன்னு மாதிரி உப்பிப்போனவள், புறப்படும் முன்பே சம்மணத்தில் ஆசுவாசமாகிவிட்டாள். புறப்படும்போதும் இறங்கும்போதும் காலை இறக்கி வைக்கச் சொன்னார்கள், அந்த இரண்டு முறை தவிர அப்படியேதான் இருந்தாள். தண்ணீர் வந்தது. "இதுக்குத் தனியா காசாடா?" என்றாள். சூடான ஈரத் துண்டு வந்தது. அதை என்ன செய்வதென்று பக்கத்தில் என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். நடுவரிசையில் இரண்டு இருக்கைகள், இடையிலிருந்த தடுப்பை இறக்கி வைத்திருந்தோம். அதனால் வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் பேசிக்கொண்டே வர முடிந்தது.

சிக்கல் விளக்கை அணைத்த பிறகு வந்தது. பொத்தானை அழுத்தினால் சீட் மெதுவாக முன்னால் நகர்ந்து, பின்பகுதி தாழ்ந்து, கால் முன்னாலுள்ள ஒரு பொந்துக்குள் போய்விடும். பணிப்பெண் மேலே ஒரு மெல்லிய மெத்தையும் விரித்துக் கொடுத்தாள். அம்மா படுக்க மாட்டேன் என்றாள். "போற வர்றவங்கல்லாம் பாப்பாங்க. அத்தனை ஆம்பளைங்க நடுவுல எப்படிடா மல்லாந்து படுக்கிறது?" நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க வெளி ஆட்கள் முன்னால் காலை நீட்டாமல் வளர்ந்த பெண். கல்யாண மண்டபத்திலேயே சுவரில் சாய்ந்தபடிதான் கண்ணயர்வாள். அவளுக்குப் பொது இடத்தில் படுப்பது என்பது கூச்சம். எழுந்து போய் அந்தக் கதவை இழுத்து மூடினேன். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும் கதவுதான், நின்றுகொண்டு பார்த்தால் உள்ளே தெரியும். ஆனாலும் அது போதுமாக இருந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, புடவை விலகாமல் காலிடையில் செருகிக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்தாள். விமர்சனம் எழுதுகிற ஆட்கள் கதவு வைத்த சீட்டை "பணக்காரன் திமிர்" என்று எழுதியதைப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதன் உபயோகம் இதுதான்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தருவதில்லை. சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே போட்டுக்கொண்டால் விமானம் குலுங்கும்போதெல்லாம் பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கத் தட்டி எழுப்புவார்கள். வயசானவர்களைத் தனியாக அனுப்பும்போது இதைச் சொல்லி அனுப்புங்கள். "சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம்" என்று பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதையும்.

உடம்பு சம்பந்தமாக ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்றது. விமானம் மட்டுமில்லை, ரயில், பஸ், காருக்கும் இது பொருந்தும். பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஆனால் வயதும் எடையும் வேறு நோய்களும் சேர்ந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிசினஸ் கிளாஸில் போனால் இது வராது என்றும் சொல்ல முடியாது. அசையாமல் இருப்பதுதான் காரணம், எங்கே இருந்தாலும் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். எகானமியில், அதாவது சாதாரண வகுப்பில், நடு சீட்டில் மாட்டிக்கொண்ட எழுபது வயசு அம்மா, பக்கத்தில் தூங்குகிற ஆளை எழுப்பக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போக வேண்டிவரும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். பிசினஸ் கிளாஸ் சீட்டில் பெரும்பாலும் யாரையும் தாண்ட வேண்டியதில்லை, நினைத்தபோது எழுந்து போகலாம். எனக்கு மெத்தையைவிட இது முக்கியமாகப் படுகிறது.

தோஹாவிலோ துபாயிலோ சென்னை விமானத்தின் வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வரிசையாக வீல்சேர்கள். பாதிப் பேர் நன்றாக நடப்பவர்கள். இங்கிலீஷ் தெரியாத இடத்தில், ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு ரயில் ஏறிப் போக வேண்டிய இடத்தில், வழி தப்பிவிடுவோமோ என்ற பயத்துக்கு நாம் கண்டுபிடித்த மருந்து அந்த நாற்காலி. அதைக் கிண்டல் செய்து மீம் போடுகிறவர்கள், அவர்களை அங்கே தனியாக அனுப்பியது யார் என்று யோசிக்கலாம். ஆறு மாதம் அதிகாலையில் எழுந்து பேரனுக்கு இட்லி ஊட்டி, பனியில் ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்று, நமக்கு டே-கேர் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். அமெரிக்காவில் டே-கேருக்கு மாதா மாதம் என்ன அழுகிறோம் என்பது குழந்தை உள்ளவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் விலை ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு படுக்கை பிடிக்கும் இடத்தில் எகானமி சீட்டுகள் இரண்டு மூன்று போடலாம். அதனால் ஒரு பிசினஸ் கிளாஸ் பயணியின் பங்குக்கு வரும் கரியமில வாயுவும் எகானமியைப்போல சுமார் மூன்று மடங்கு என்று உலக வங்கியின் 2013 ஆய்வு சொல்கிறது. இந்திய அரசும் இதை ஆடம்பரமாகத்தான் பார்க்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 18 சதவீதம். அந்த மேல் வகுப்புகளுக்கு முன்பு 12 ஆக இருந்தது. ஆரோக்கியமாக இருப்பவன் பகல் நேர விமானத்தில் படம் பார்ப்பதற்கு இதை வாங்குவது வீண் என்றுதான் நானும் சொல்வேன்.

அதனால்தான் மொத்தப் பயணத்துக்கும் வாங்கச் சொல்லவில்லை. இரவில் பறக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வாங்குங்கள், நாலரை மணி நேரத்துக்கு எகானமி போதும். ஒரே டிக்கெட்டில் இப்படிக் கலந்து போடப் பல நிறுவனங்களில் வழி இருக்கிறது. இணையத்தில் வரவில்லை என்றால் போன் செய்து கேளுங்கள். பாயிண்ட் ஒருவருக்குத்தான் போதும் என்றால் அம்மா அப்பா இரண்டு பேரில் யாருக்கு முட்டி வலி அதிகமோ அவருக்குப் போடலாம் என்று நினைப்பீர்கள். போடாதீர்கள், பிரித்து உட்கார வைத்தால் இருவருமே தூங்க மாட்டார்கள். கொஞ்சம் பொறுத்து, இரண்டு பேருக்கும் சேர்ந்த பிறகு போடுங்கள். சீட் எண் தேர்ந்தெடுக்கும்போது நடுவில் உள்ள ஜோடியை எடுங்கள்.

கடைசியாக ஒரு தடை இருக்கிறது, அதுதான் பெரியது. விலை தெரிந்தால் அவர்கள் ஏற மாட்டார்கள். "எங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம், அந்தக் காசைக் குழந்தை பேர்ல போடு" என்று நாலு நாள் நடக்கும். பாயிண்ட்டில் சும்மா வந்தது என்று சொல்லிவிடுங்கள். பாயிண்ட் எப்படி வந்தது என்று கேட்பார்கள், கார்டில் என்றால் கடன் வாங்கினாயா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டு பேச்சை எடுங்கள். நான் "ஆபீஸ்ல குடுத்தாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முகநூல் கணக்கு கிடையாது, தைரியமாக ஷேர் செய்யலாம்.